தண்ணீரில் நிற்கும் நகருக்கு நுழைவுச் சீட்டு!

சினிமா பார்க்கப் போனால் டிக்கெட் வாங்குகிறோம். சர்க்கஸ் பார்க்கப் போனால் டிக்கெட் வாங்குகிறோம். பொருட்காட்சிக்குப் போனாலும் டிக்கெட் உண்டு.

ஆனால், ஓர் ஊருக்குள் நுழைவதற்கே டிக்கெட் வாங்க வேண்டும் என்றால்?

அப்படி ஓர் ஊர் இருக்கிறது. அதன் பெயர் வெனிஸ். இத்தாலி நாட்டில் உள்ளது.

2024-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 25-ந் தேதி அங்கே இந்த முறை தொடங்கியது. காலையில் வந்து ஊரைச் சுற்றிப் பார்த்து விட்டு மாலையில் திரும்பிப் போகும் வெளியூர்க்காரர்கள், குறிப்பிட்ட சில நாட்களில் தலைக்கு 5 யூரோ கட்ட வேண்டும். அன்றைய மதிப்பில் அது சுமார் 450 ரூபாய்.

ஊர் வாசலில் கதவு கிடையாது. கம்பி வேலி கிடையாது. கம்ப்யூட்டரும் செல்போனும்தான் வாயில் காப்போர்!

எதற்காக இந்த ஏற்பாடு? இது எப்படி நடக்கிறது? இதனால் பலன் உண்டா?

வாருங்கள், பார்ப்போம்.

படகுதான் பஸ்

வெனிஸ் நகரம் கடலை ஒட்டிய ஓர் உப்பங்கழியில் இருக்கிறது. 118 சின்னஞ்சிறு தீவுகள் சேர்ந்ததுதான் அந்த ஊர். தீவுகளை இணைக்க 400-க்கும் அதிகமான பாலங்கள் இருக்கின்றன.

அங்கே பெரிய தெரு என்றால் கால்வாய்தான். கார் ஓடாது. பஸ் ஓடாது. சைக்கிள் கூட ஓடாது.

பஸ்சுக்குப் பதில் படகு. தபால் வருவது படகில். குப்பை அள்ளுவது படகில். நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதும் படகில்தான்.

1846-ம் ஆண்டில் ரெயில் பாலம் வந்தது. 1933-ல் மோட்டார் ரோடு பாலம் வந்தது. இரண்டும் ஊரின் ஓரத்தோடு நின்று விடுகின்றன. பஸ்சும் காரும் "பியாசாலே ரோமா" என்ற சதுக்கத்தில் நிற்கும். அதற்கு மேல் நடந்து போக வேண்டும். அல்லது படகு ஏற வேண்டும்.

சந்துகள் மிகக் குறுகல். பல சந்துகளில் குடை பிடித்த இருவர் எதிரெதிரே வந்தால், ஒருவர் குடையைச் சாய்த்துத்தான் ஆக வேண்டும்!

ஒரு காலத்தில் வெனிஸ் தனி நாடாக இருந்தது. அதன் வியாபாரிகள் மிளகும் பட்டும் விற்றுப் பணக்காரர்கள் ஆனார்கள். பாண்டிய நாட்டுக் கடற்கரையில் முத்துக் குளிப்பதைப் பற்றி எழுதி வைத்த மார்கோ போலோ வெனிஸ்காரர்தான். 1797-ல் நெப்போலியன் காலத்தில் அந்தக் குடியரசு முடிந்தது.

அரண்மனைகளும், மாதா கோவில்களும், 1591-ல் கட்டி முடிக்கப்பட்ட ரியால்டோ கல் பாலமும் அப்படியே இருக்கின்றன. 1987-ம் ஆண்டில் யுனெஸ்கோ ஸ்தாபனம் வெனிஸ் நகரையும் அதன் உப்பங்கழியையும் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

இத்தனை அழகைப் பார்க்க யாருக்குத்தான் ஆசை வராது? அந்த ஆசைதான் இப்போது தலைவலி ஆகிவிட்டது!

வந்தவர் பெருகினர், இருந்தவர் குறைந்தனர்

வெனிசுக்கு ஆண்டுதோறும் 2 கோடிக்கும் அதிகமான பேர் வருகிறார்கள் என்பது பொதுவான மதிப்பீடு. இவர்களில் பெரும்பாலோர் இரவு தங்குவது இல்லை. காலையில் வருகிறார்கள். புகைப்படம் எடுத்துக் கொள்கிறார்கள். மாலையில் போய் விடுகிறார்கள்.

இரவில் தங்குகிறவர்களால் ஊருக்கு வருமானம் உண்டு. அவர்கள் ஓட்டல் கட்டணத்தோடு நகரசபைக்கும் ஒரு வரி கட்டுகிறார்கள். பகலில் வந்து போகிறவர்கள் அதைக் கட்டுவது இல்லை. ஆனால், படகில் இடம் அவர்களுக்கும் வேண்டும். அவர்கள் போடும் குப்பையையும் அள்ள வேண்டும்.

உள்ளூர் மக்களின் நிலை என்ன?

ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய பாட்டிக்குப் படகில் இடம் கிடைப்பது இல்லை. மளிகைக் கடை இருந்த இடத்தில் முகமூடி பொம்மைக் கடை வந்து விட்டது. வீட்டுச் சொந்தக்காரர்கள் குடும்பங்களுக்கு வாடகைக்கு விடுவதை விட, பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடுவதில் அதிக லாபம் காண்கிறார்கள். இளம் தம்பதிகள் வீடு கிடைக்காமல், பாலத்துக்கு அப்பால் கரையில் உள்ள மெஸ்த்ரே பகுதிக்குக் குடி போகிறார்கள்.

1951-ம் ஆண்டில் வெனிஸ் பழைய நகரின் ஜனத்தொகை சுமார் 1 லட்சத்து 75 ஆயிரம். 2022-ம் ஆண்டில் அது 50 ஆயிரத்துக்கும் கீழே இறங்கிவிட்டது!

பத்துப் பேர் இருந்த இடத்தில் மூன்று பேர் கூட இல்லை.

எண்ணத் தெரியாத கூட்டம்

உலகெங்கும் உல்லாசப் பயண இலாகாக்களின் வேலை, "வாருங்கள், வாருங்கள்!" என்று அழைப்பதுதான். வர்ண வர்ணமாகச் சுவரொட்டி அச்சடிப்பார்கள். புத்தகம் போடுவார்கள். எவ்வளவு பேர் வருகிறார்களோ அவ்வளவுக்கு வெற்றி.

வெனிஸ் நகரசபைக்கோ இதற்கு நேர்மாறான வேலை. "எல்லோரும் ஒரே நாளில் வராதீர்கள். வருவதற்கு முன்பே சொல்லுங்கள்" என்று கேட்க வேண்டிய நிலை.

திட்டம் காகிதத்தில் சுலபம். அதை நடத்துவது எப்படி?

முதலில் கூட்டத்தை எண்ண வேண்டும். எத்தனை பேர் வருகிறார்கள் என்றே தெரியாவிட்டால், எத்தனை படகு விடுவது? எத்தனை போலீஸ்காரர்களை நிறுத்துவது?

ஓட்டலில் தங்குகிறவர்களை எண்ணலாம். ஓட்டல் ரிஜிஸ்தரில் பெயர் இருக்கும். பகலில் வந்து போகிறவர்களுக்கு ரிஜிஸ்தர் ஏது? சிலர் ரெயிலில் வருகிறார்கள். சிலர் பஸ்சில் வருகிறார்கள். சிலர் பக்கத்து ஊர்களில் இருந்து படகில் வருகிறார்கள். யார் எங்கே இறங்கினார்கள் என்பது யாருக்கும் தெரியாது.

இந்தக் குறையைப் போக்கத்தான் கம்ப்யூட்டர் வந்தது. ஆனால் அதற்கு முன்பு நகரசபை இன்னொரு வழியை முயன்று பார்த்தது.

இரும்புக் கதவு

2018-ம் ஆண்டு ஏப்ரல் கடைசியில், மே தின விடுமுறைக் கூட்டத்தைச் சமாளிக்க, ரெயில் நிலையத்துக்குப் பக்கத்திலும் பியாசாலே ரோமா பக்கத்திலும் இரும்புத் தடுப்புகளை நகரசபை வைத்தது. கூட்டம் மிகுந்தால் அவற்றை மூடிவிட்டு, வெளியூர்க்காரர்களை வேறு பாதையில் திருப்பி விடலாம் என்பது யோசனை.

உள்ளூர்க்காரர்களிலேயே சிலர் கொதித்து எழுந்தார்கள். "எங்கள் ஊர் என்ன மிருகக்காட்சி சாலையா?" என்ற கேள்வி கிளம்பியது. போராட்டக்காரர்கள் ஒரு தடுப்பைப் பெயர்த்துத் தள்ளினார்கள்.

கண்ணுக்குத் தெரியும் கதவை மக்கள் வெறுத்தார்கள். ஆகவே கண்ணுக்குத் தெரியாத ஏற்பாடு ஒன்று தேவைப்பட்டது.

ஊரைப் பார்க்கும் அறை

பாலத்தைக் கடந்து வெனிசுக்கு வரும் வழியில் "திரோங்கெத்தோ" என்று ஒரு தீவு இருக்கிறது. கார்களை நிறுத்தும் இடம் அது. அங்கே 2020-ம் ஆண்டில் நகரசபை ஒரு கட்டுப்பாட்டு அறையைத் திறந்தது. நகரசபையின் சொந்தக் கம்ப்யூட்டர் கம்பெனியும், இத்தாலியின் டெலிபோன் கம்பெனி ஒன்றும் சேர்ந்து அதை அமைத்தன.

அந்த அறைக்குள் போனால் சுவர் முழுவதும் திரைகள். ஊர் முழுவதும் அந்தத் திரைகளில் தெரியும்!

எந்தச் சந்தில் எத்தனை பேர் நடக்கிறார்கள்? எந்தப் பக்கமாக நடக்கிறார்கள்? கால்வாயில் எத்தனை படகுகள் போகின்றன? சரக்குப் படகு எது, பயணிகள் படகு எது? கார் நிறுத்தும் இடத்தில் இடம் இருக்கிறதா? கடல் நீர் எவ்வளவு ஏறி இருக்கிறது? எல்லாம் அங்கே தெரியும்.

முன்பு இந்தத் தகவல்கள் ஒவ்வோர் இலாகாவிலும் தனித்தனியாகக் கிடந்தன. படகுக் கணக்கு படகு ஆபீசில். போலீஸ் தகவல் போலீஸ் ஆபீசில். எல்லாவற்றையும் ஒரே அறைக்குக் கொண்டு வந்ததுதான் பெரிய மாறுதல்.

ரியால்டோ பாலத்தில் நெரிசல் என்று காலை 11 மணிக்குத் திரை காட்டினால், உடனே போலீஸ்காரரை அனுப்பலாம். கூட்டத்தை வேறு சந்து வழியாகத் திருப்பலாம். கூடுதல் படகு விடலாம். மாலையில் கணக்குப் பார்த்துக் கையைப் பிசைய வேண்டியது இல்லை.

செல்போன் சொல்லும் கணக்கு

காமிரா, அது இருக்கும் சந்தை மட்டுமே பார்க்கும். ஊர் முழுவதும் எத்தனை பேர் என்பதை எப்படி அறிவது?

இதற்குத்தான் செல்போன் பயன்படுகிறது.

நம் சட்டைப் பையில் செல்போன் சும்மா இருப்பதாக நாம் நினைக்கிறோம். அது சும்மா இருப்பது இல்லை. பக்கத்தில் உள்ள டெலிபோன் கோபுரத்தோடு அடிக்கடி தொடர்பு கொள்கிறது. "நான் இங்கே இருக்கிறேன்" என்று சொல்லிக் கொண்டே இருக்கிறது. அப்படிச் சொன்னால்தான் நமக்கு அழைப்பு வரும்போது மணி அடிக்கும்.

ஒரு கோபுரத்தோடு எத்தனை செல்போன்கள் தொடர்பில் இருக்கின்றன என்பது கம்பெனிக்குத் தெரியும். அந்த எண்ணிக்கையை வைத்து, அந்தப் பகுதியில் ஏறக்குறைய எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கணக்குப் போடுகிறார்கள்.

இன்னொரு விஷயமும் தெரிய வருகிறது. "சிம்" எந்த நாட்டில் வாங்கியது என்பதைக் கொண்டு, வந்தவர்கள் ஜெர்மனிக்காரர்களா, பிரான்சுக்காரர்களா, அமெரிக்கரா என்று பிரிக்கலாம். இரவு 2 மணிக்கும் அந்தச் செல்போன் வெனிசிலேயே இருந்தால், அவர் தங்கும் விருந்தாளி. மாலையிலேயே போய் விட்டால், பகல் பயணி!

இத்தனை ஆண்டுகளாக எண்ண முடியாமல் இருந்த பகல் பயணிகள் இப்படித்தான் கணக்கில் வந்தார்கள்.

சட்டமும் சீட்டும்

எண்ணியாயிற்று. அடுத்தது, வருகிறவர்களை முன்கூட்டியே சொல்ல வைப்பது.

பகல் பயணிகளிடம் கட்டணம் வாங்க வெனிசுக்கு 2018-ம் ஆண்டுக் கடைசியில் இத்தாலி அரசாங்கத்தின் பட்ஜெட் சட்டம் அனுமதி கொடுத்தது. ஆனால் பல முறை தள்ளிப் போயிற்று. இடையில் கொரோனா நோய் வந்து ஊரே வெறிச்சோடியது. கடைசியில் 2023 செப்டம்பரில் நகரசபை தீர்மானம் நிறைவேற்றியது. 2024-ல் கூட்டம் மிகுந்த 29 நாட்களைப் பொறுக்கி எடுத்து, அந்த நாட்களில் மட்டும் கட்டணம் என்று அறிவித்தது. நேரம் காலை 8.30 மணி முதல் மாலை 4 மணி வரை.

இது எப்படி நடக்கிறது என்று பார்ப்போம்.

மிலான் நகரில் உள்ள ஒரு குடும்பம் என்று வைத்துக் கொள்ளுங்கள். அப்பா, அம்மா, 16 வயதுப் பையன், 10 வயதுப் பெண். ஞாயிற்றுக்கிழமை வெனிஸ் பார்க்க ஆசைப்படுகிறார்கள்.

அப்பா செல்போனை எடுக்கிறார். நகரசபையின் பக்கத்தைத் திறக்கிறார். அதில் ஒரு காலண்டர் இருக்கிறது. எந்தெந்த நாளில் கட்டணம், எந்தெந்த நாளில் இலவசம் என்பது அதில் தெரியும். ஞாயிற்றுக்கிழமை கட்டணம் உண்டு. செவ்வாய்க்கிழமை இல்லை.

"செவ்வாய்க்கிழமை போகலாமா?" என்று அம்மா கேட்கிறார்.

இந்தக் கேள்வியை எழுப்புவதுதான் திட்டத்தின் நோக்கம்! கூட்டம் இல்லாத நாளைப் பார்த்து வரச் செய்ய வேண்டும்.

செவ்வாய்க்கிழமை அப்பாவுக்கு லீவு இல்லை. ஆகவே ஞாயிற்றுக்கிழமைக்கே பதிவு செய்கிறார். 14 வயதுக்கு உட்பட்ட பெண்ணுக்குக் கட்டணம் கிடையாது. மூன்று பேருக்கு 15 யூரோ. பணம் கட்டியதும் செல்போனில் கருப்பும் வெள்ளையுமாக ஒரு சதுரப் படம் வருகிறது. கடைகளில் பணம் கொடுக்க நாம் செல்போனைக் காட்டிப் பிடிக்கிறோமே, அதே "கியூ.ஆர். கோடு"தான். அதுதான் சீட்டு.

வெனிஸ் ரெயில் நிலையத்தில் இறங்கினால் கதவு எதுவும் குறுக்கே நிற்காது. ஆனால் நகரசபை ஊழியர்கள் ஆங்காங்கே நிற்பார்கள். சிலரை மட்டும் நிறுத்தி, சீட்டைக் காட்டச் சொல்வார்கள். சீட்டு இல்லாவிட்டால் 50 யூரோ முதல் 300 யூரோ வரை அபராதம்!

யாருக்குச் சலுகை?

வெனிசில் குடி இருப்பவர்களுக்குக் கட்டணம் இல்லை. அங்கே பிறந்தவர்களுக்கு இல்லை. வேலைக்கு வருகிறவர்களுக்கும், படிக்க வருகிறவர்களுக்கும் இல்லை. உடல் ஊனமுற்றோருக்கு இல்லை.

வெனிஸ் இருக்கும் வெனெத்தோ மாநிலத்து மக்களுக்கும் கட்டணம் இல்லை. அந்தோணியார் கோவில் உள்ள பதுவை நகரம் அந்த மாநிலத்தில்தான் இருக்கிறது. ஆகவே பதுவைக்காரர் சும்மா வரலாம். மிலான்காரர் பணம் கட்ட வேண்டும்.

ஓட்டலில் தங்குகிறவர்களும் கட்ட வேண்டாம். அவர்கள்தான் ஏற்கனவே வரி கட்டுகிறார்களே! ஆனால் அவர்களும் தங்கள் வருகையைப் பதிவு செய்து, இலவசச் சீட்டு ஒன்று எடுக்க வேண்டும்.

பணமே வாங்காதபோது சீட்டு எதற்கு?

கணக்குக்காகத்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எத்தனை பேர் வரப் போகிறார்கள் என்பதை நகரசபை முன்கூட்டியே ஓரளவு ஊகிக்கலாம். அதற்குத் தகுந்தபடி படகுகளையும், குப்பை அள்ளும் ஆட்களையும் ஏற்பாடு செய்யலாம். கல்யாண வீட்டில் எத்தனை இலை விழும் என்று தெரிந்தால்தானே உலையில் அரிசி போடலாம்?

முதல் நாள்

2024 ஏப்ரல் 25-ந் தேதி வந்தது. அன்று இத்தாலியில் விடுதலை நாள். வெனிஸ் நகரின் காவல் புனிதரான மாற்குவின் திருநாளும் அன்றுதான்.

அன்றைக்கு என்று பதிவு செய்தவர்கள் சுமார் 1 லட்சத்து 13 ஆயிரம் பேர். அவர்களில் பணம் கட்டியவர்கள் சுமார் 15,700 பேர்தான்! சுமார் 40 ஆயிரம் பேர் ஓட்டலில் தங்கியவர்கள். மற்றவர்கள் வேலைக்கு வந்தவர்கள், மாணவர்கள், சொந்தக்காரர் வீட்டுக்கு வந்தவர்கள், மாநிலத்து மக்கள் என்று பல வகையினர்.

அதே நாளில் பியாசாலே ரோமாவில் எதிர்ப்பு ஊர்வலமும் நடந்தது. "வெனிசைப் பொருட்காட்சி ஆக்காதே" என்பது அவர்கள் குறை.

பணம் வந்தது, கூட்டம் குறைந்ததா?

29 நாட்களில் 4 லட்சத்து 85 ஆயிரம் பேர் கட்டணம் கட்டினார்கள். 24 லட்சம் யூரோவுக்கு மேல் வசூல் ஆயிற்று. நகரசபை பட்ஜெட்டில் எதிர்பார்த்தது சுமார் 7 லட்சம் யூரோதான்.

மூன்று மடங்குக்கு மேல் வசூல்! சந்தோஷப்பட வேண்டியதுதானே?

அங்கேதான் சிக்கல். திட்டத்தின் நோக்கம் பணம் அல்ல, கூட்டத்தைக் குறைப்பது என்று நகரசபை சொல்லி இருந்தது. வசூல் எதிர்பார்த்ததைத் தாண்டியது என்றால், வந்தவர்களும் எதிர்பார்த்ததைத் தாண்டினார்கள் என்றுதானே பொருள்?

நகரசபையின் எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் செல்போன் கணக்கையே எடுத்துக் காட்டினார். கட்டணம் தொடங்கிய முதல் 11 நாட்களில், நாளுக்குச் சராசரி 75 ஆயிரம் பேர் வந்திருக்கிறார்கள். அதற்கு முந்திய ஆண்டின் விடுமுறை நாட்களை விட அது அதிகம் என்றார் அவர்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நகரசபை ஏற்படுத்திய அதே எண்ணும் முறையே, நகரசபையின் திட்டம் போதவில்லை என்று காட்டிக் கொடுத்தது! பழைய காலமாக இருந்தால், "கூட்டம் குறைந்து விட்டது" என்று ஓர் அறிக்கை விட்டுச் சும்மா இருந்திருக்கலாம். மறுத்துச் சொல்ல யாரிடமும் கணக்கு இருந்திருக்காது.

பிந்தினால் இரட்டிப்பு

கணக்கைப் பார்த்து நகரசபை திட்டத்தைத் திருத்தியது.

2025-ம் ஆண்டில் கட்டண நாட்களை 29-ல் இருந்து 54 ஆக உயர்த்தியது. இன்னொரு மாறுதலும் செய்தது. நான்கு நாட்களுக்கு முன்பே பதிவு செய்தால் 5 யூரோ. அதற்குப் பிந்தினால் 10 யூரோ!

நம் மிலான் குடும்பம் சனிக்கிழமை இரவு உட்கார்ந்து, "நாளைக்கு வெனிஸ் போவோம்" என்று முடிவு செய்தால் 15 யூரோவுக்குப் பதில் 30 யூரோ கட்ட வேண்டும். திடீர்ப் பயணிகளைத் தடுத்து, முன்கூட்டியே சொல்லப் பழக்குவதற்காக இந்த ஏற்பாடு.

அந்த ஆண்டில் சுமார் 7 லட்சத்து 20 ஆயிரம் பேர் கட்டினார்கள். வசூல் சுமார் 54 லட்சம் யூரோ. நாள் கணக்குப் பார்த்தால், 2024-ல் நாளுக்குச் சுமார் 16,700 பேர் கட்டினார்கள். 2025-ல் அது 13 ஆயிரத்துச் சொச்சமாக இருந்தது. புதிதாகச் சேர்த்த நாட்களில் கூட்டம் குறைவான நாட்களும் இருக்கக்கூடும். ஆகவே கட்டணம் மட்டுமே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது.

2026-ம் ஆண்டுக்குக் கட்டண நாட்கள் 60 என்று நகரசபை அறிவித்தது.

எத்தனை பேர் வரலாம்?

குறை சொல்கிறவர்கள் இன்னொரு கேள்வி கேட்கிறார்கள்.

சினிமாக் கொட்டகையில் 800 நாற்காலி இருந்தால் 800 டிக்கெட்தான் கொடுப்பார்கள். வெனிசில் அப்படி இல்லை. பணம் கட்டினால் யாரும் வரலாம். 50 ஆயிரம் பேர் கட்டினாலும் 50 ஆயிரம் பேரும் உள்ளே வரலாம்! "ஹவுஸ் புல்" பலகை கிடையாது.

சரி, எத்தனை பேர் வந்தால் ஊர் தாங்கும்?

1988-ம் ஆண்டிலேயே பாவ்லோ கோஸ்டா, யான் வான் டெர் போர்க் என்ற இரண்டு பொருளாதார நிபுணர்கள் இதற்குக் கணக்குப் போட்டார்கள். ஓட்டல் படுக்கை எத்தனை, சாப்பாட்டு இடம் எத்தனை, படகில் இடம் எத்தனை, எவ்வளவு குப்பை அள்ள முடியும் என்றெல்லாம் பார்த்தார்கள். நாளுக்கு 20 ஆயிரத்துச் சொச்சம் பயணிகள் என்பது அவர்கள் கண்ட விடை. இவர்களில் கோஸ்டா 2000-ம் ஆண்டில் வெனிஸ் மேயராகவே வந்தார்!

2020-ல் வெளியான இன்னோர் ஆய்வு, சுமார் 52 ஆயிரம் பேர் வரை தாங்கும் என்றது. இடைப்பட்ட காலத்தில் படுக்கைகளும் படகு வசதியும் பெருகிவிட்டதுதான் வேறுபாட்டுக்குக் காரணம்.

ஆக, வீட்டை விடுதி ஆக்கினால் ஊர் தாங்கும் கணக்கு உயர்கிறது. ஆனால் வீடு போன குடும்பம் எங்கே போவது? அந்தக் கேள்வி கூட்டல் கழித்தலில் வராது.

இந்த எல்லையைக் கம்ப்யூட்டர் தீர்மானிக்க முடியாது. "இன்று இத்தனை பேர்" என்று அது சொல்லும். "இத்தனை போதும்" என்று மனிதன்தான் சொல்ல வேண்டும்.

சில விஷயங்களில் அப்படிச் சொல்லியும் இருக்கிறார்கள். 2019 ஜூன் 2-ந் தேதி பிரம்மாண்டமான உல்லாசக் கப்பல் ஒன்று கால்வாயில் நிலை தடுமாறி, கரையிலும் ஒரு பயணிகள் படகிலும் மோதியது. நாலு பேர் காயம் அடைந்தார்கள். 2021 ஆகஸ்ட் 1-ந் தேதி முதல், 25 ஆயிரம் டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் நகரின் நடுவே வரக்கூடாது என்று அரசாங்கம் தடை போட்டது. 2024-ல், வழிகாட்டி அழைத்துப் போகும் கூட்டம் 25 பேருக்கு மேல் இருக்கக் கூடாது, ஒலிபெருக்கி வைக்கக் கூடாது என்று நகரசபை உத்தரவு போட்டது.

உளவு வேலையா?

"எங்களை யாரோ பார்த்துக் கொண்டே இருக்கிறார்கள்" என்று பயப்படுகிறவர்களும் உண்டு. சந்து தோறும் காமிரா. சட்டைப் பையில் உள்ள செல்போனே நாம் இருக்கும் இடத்தைச் சொல்கிறது. பயம் நியாயமானதுதான்.

பெயரோ டெலிபோன் நம்பரோ தங்களுக்கு வருவது இல்லை, வெறும் எண்ணிக்கைதான் வருகிறது என்று நகரசபை பதில் சொல்கிறது. ஆனாலும், என்ன சேர்க்கிறார்கள், எத்தனை நாள் வைத்திருக்கிறார்கள் என்று கேட்பது ஜனங்களின் உரிமை.

மருந்துக்கடையில் ஓர் எண்

ரியால்டோ பாலத்துக்கு அருகில் ஒரு மருந்துக்கடை இருக்கிறது. 2008-ம் ஆண்டில் அதன் கண்ணாடி ஜன்னலில் ஒரு மின்சார எண் பலகையை ஊர்க்காரர்கள் வைத்தார்கள். கூட்டத்தின் எண்ணிக்கை அல்ல அது. வெனிசில் மிச்சம் இருக்கும் குடிமக்களின் எண்ணிக்கை! வைத்தபோது அது 60 ஆயிரத்துக்கு மேல் காட்டியது.

பிறகு ஒரு புத்தகக் கடை ஜன்னலில் இன்னொரு பலகை வைத்தார்கள். பயணிகளுக்கான படுக்கைகள் எத்தனை என்பதை அது காட்டியது. 2023-ல் படுக்கைகளின் எண்ணிக்கை குடிமக்களின் எண்ணிக்கையை முந்தி விட்டதாக அந்த ஊர்க்காரர்களின் கணக்குச் சொன்னது. இரண்டுமே 49 ஆயிரத்தைச் சுற்றி இருந்தன.

கட்டுப்பாட்டு அறையில் விலை உயர்ந்த திரைகள் இருக்கின்றன. யார் வந்தார்கள் என்பதை அவை நொடியில் காட்டுகின்றன. மருந்துக்கடையில் இருப்பதோ சாதாரணப் பலகை. யார் போய் விட்டார்கள் என்பதை அது காட்டுகிறது.

கட்டணப் பணம் குப்பை அள்ளவும், கால்வாய் சுத்தம் செய்யவும், ஊர்க்காரர்களின் சுமையைக் குறைக்கவும் போக வேண்டும். காலியான வீடுகளில் மீண்டும் குடும்பங்கள் வர வேண்டும். அப்போதுதான் அந்த மருந்துக்கடை எண் இறங்காமல் நிற்கும்.

ஓர் ஆண்டாவது அது ஏறினால், திட்டம் ஜெயித்தது என்று அர்த்தம். அதைச் சொல்லக் கம்ப்யூட்டர் கூடத் தேவை இல்லை. ஜன்னலைப் பார்த்தாலே போதும்!